நீல மாத்திரையும் பூட்டிய கதவும்

காலை வணக்கக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள். "டீச்சர், சாவி வேணும்." எந்தச் சாவி என்று நான் கேட்கவில்லை. பெண்கள் கழிப்பறைச் சாவி தலைமையாசிரியர் அறையில் ஓர் ஆணியில் தொங்கும். அந்த அறையில் எந்நேரமும் நான்கு ஆண்களாவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். அதற்குப் பதிலாக என்னை அனுப்பலாம் என்று வந்திருக்கிறாள். நான் போய்க் கேட்டேன். "இன்டர்வல் வரைக்கும் பொறுத்துக்க மாட்டாங்களாமா? திறந்து போட்டா அசிங்கம் பண்ணிடுறாங்க டீச்சர்" என்று பதில் வந்தது. கொடுத்தார்கள், ஆனால் சொல்லிவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அன்றைக்கே பள்ளிக்கு மருத்துவக் குழுவின் வண்டியும் வந்தது. எடை, உயரம், பல், கண், தோல் என்று வரிசையாகப் பார்த்தார்கள். நல்ல மனிதர்கள்தாம், ஒரு நாளில் பார்க்க முடியாத அளவுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் முறை வந்ததும் மருத்துவர் எழுந்து நின்று ஒரு சின்னச் சொற்பொழிவு செய்தார். இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட வேண்டும், ஏனென்றால் நீங்கள்தான் வருங்காலத் தாய்மார்கள். என்னிடம் சாவி கேட்ட பெண் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு 14 வயது. கணக்குப் பாடத்தில் கெட்டிக்காரி.

இந்த "வருங்காலத் தாய்மார்கள்" என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. நம் பள்ளிச் சுகாதாரத் திட்டங்களின் மையத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. பெண் குழந்தைக்கு ரத்தசோகை வந்தால் கவலை எதற்கு? நாளை பிரசவத்தில் சிக்கல் வரும், எடை குறைந்த பிள்ளை பிறக்கும். இன்றைக்கு அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மூன்றாம் பாடவேளையில் கண் சொருகுகிறது, விளையாட்டு மைதானத்தின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்பது யாருடைய அறிக்கையிலும் ஒரு பத்தியாக வருவதில்லை. பையன்களுக்கும் அதே மாத்திரைதான் தருகிறார்கள். அவர்களிடம் யாரும் "வருங்காலத் தந்தைமார்களே" என்று பேசி நான் கேட்டதில்லை.

எண்களைப் பார்ப்போம். 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 55 விழுக்காடு. இடையில் எத்தனை வாரம், எத்தனை மாத்திரை, எத்தனை உறுதிமொழி! இறங்கியது ஒன்றரைப் புள்ளி. இந்திய அளவில் பெண்களில் 57 விழுக்காடு, ஆண்களில் 25. ஒரே நாடு, ஒரே அரிசி, ஒரே அடுப்பு. அந்த இடைவெளியில் ஒரு பகுதி மாதவிடாய் ரத்தப்போக்கால் வருவது, உடலியல். மீதியை யார் பங்கு போட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

நாம் சோழ நாடு சோறுடைத்து என்று சொல்லிக்கொள்கிறவர்கள். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் குறுவை, பிறகு சம்பா, தாளடி. நடவு நாட்களில் வயலில் குனிந்திருக்கும் முதுகுகளை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் பெண்களுடையவை. விடிவதற்குள் அம்மா நடவுக்குப் போய்விடுவாள். அந்த வீட்டில் உலை வைப்பது எட்டாவது படிக்கிற மகள். தம்பிக்குத் தலை சீவி, சாப்பிடவைத்து, பள்ளிக்கு அனுப்பிவிட்டு, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் பேருந்தைப் பிடிக்க ஓடி வருகிறவள் அவள். "காலையில என்ன சாப்பிட்ட?" என்றால் "டீ" என்பாள். தேநீர் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுக்கும் என்று சுகாதாரக் கையேட்டில் எழுதியிருக்கிறது. கையேடு சரிதான். சோறு வடித்தவளுக்குச் சாப்பிட ஏன் நேரமில்லை என்பது மட்டும் அதில் இல்லை.

மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டும். வயிற்றைப் பிசையும், மலம் கறுப்பாகப் போகும். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஒரு பெண் பயந்து மற்ற ஐம்பது பேரையும் பயமுறுத்திவிடுவாள், அதுவும் நியாயமான பயம்தான். அதனால் ஜன்னலுக்கு வெளியே நீல நிற மாத்திரைகள் கிடக்கும். பெருக்க வரும் அக்கா காட்டுவார்: "பாருங்க டீச்சர், கோழிக்குக்கூட ஆவாது." உடனே ஆசிரியர் கூட்டத்தில் முடிவு: பெண்களுக்கு விழிப்புணர்வு போதாது. விழிப்புணர்வு என்ற இந்தச் சொல்லையும் கொஞ்ச காலத்துக்குப் பூட்டிவைத்தால் நல்லது. அந்தச் சாவியை ஆணியில் மாட்டிக்கொள்ளட்டும்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25இல் அதை மாநிலம் முழுவதற்கும் விரிவாக்கிய விழா நம் பக்கத்திலேயே, திருக்குவளையில் நடந்தது. நான் மனதார வரவேற்கிற திட்டம். பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தை வகுப்பறையில் பார்த்தவர்கள் அதைக் கேலி செய்யமாட்டார்கள். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை என்று வகுக்கப்பட்டது. சத்துணவு பத்தாம் வகுப்போடு முடிகிறது. இரண்டையும் ஒரு பெண்ணின் உடம்பின்மேல் வைத்துப் பாருங்கள். ஆறாம் வகுப்பில், ஏழாம் வகுப்பில் அவளுக்கு மாதவிடாய் தொடங்குகிறது. இரும்புச்சத்துத் தேவை கூடுகிறது. வீட்டு வேலையும் அப்போதுதான் முழுதாக அவள் கைக்கு வருகிறது. அந்த ஆண்டில்தான் காலைத் தட்டு எடுக்கப்படுகிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போனால் மதியத் தட்டும் இல்லை. தம்பி பள்ளியில் பொங்கல் சாப்பிடும் நேரத்தில் அக்கா பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எனக்குத் தெரியும். திட்டம் போடும்போது அவள் யார் நினைவுக்கும் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ரத்தப் பரிசோதனை. 2018இல் வந்த ரத்தசோகையற்ற பாரதம் திட்டத்தின்படி வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒரு நீல மாத்திரை. அதில் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். இது வராமல் தடுக்கும் அளவு. ஏற்கெனவே ரத்தசோகை உள்ளவளுக்கு இது போதாது. அதே திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே அவளுக்குத் தினமும் இரண்டு மாத்திரை, மூன்று மாதம் என்று இருக்கிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் சோகை, 8க்குக் கீழே போனால் கடுமையானது, உடனே மருத்துவமனை. எந்தப் பெண் எங்கே நிற்கிறாள் என்று விரலில் ஒரு துளி ரத்தம் எடுக்காமல் எப்படித் தெரியும்? எங்கள் பள்ளியில் ஊசி குத்திய ஆண்டும் உண்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்து "வெளுப்பா இருக்கு" என்று எழுதிக்கொண்டு போன ஆண்டும் உண்டு. குத்திய ஆண்டில்கூட எண் பதிவேட்டுக்குப் போனது, அந்தப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. "உனக்கு எவ்வளவு?" என்று ஒருத்தியைக் கேட்டேன். "எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க டீச்சர்" என்றாள். அவளுடைய ரத்தம், அவளுக்குத் தெரியாத எண்.

இத்தனைக்கும் பெண்ணின் கையிலேயே நேராகக் கொடுக்க இந்த அரசுக்குத் தெரியும். மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூரில் வாழ்ந்து, தேவதாசி முறைக்கு எதிராக ஊர் ஊராகப் போராடிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் உள்ள உயர்கல்வி உறுதித் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல் கல்லூரிப் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் போடுகிறது. அப்பா கணக்கில் போடவில்லை. அதே மரியாதையோடு ஒரு துண்டுச் சீட்டில் அவளுடைய ஹீமோகுளோபின் எண்ணை எழுதி அவளிடம் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

இங்கே சில தோழிகள் முருங்கைக்கீரை, கேழ்வரகு, எள்ளுருண்டை என்று தொடங்குவார்கள். எனக்கும் முருங்கைக்கீரை பிடிக்கும். அதை உருவி, ஆய்ந்து, வதக்குவதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். யாருடைய முக்கால் மணி நேரம்? வதக்கியது முதலில் யார் தட்டில் விழுகிறது? பாட்டி வைத்தியத்தைப் புகழ்கிறவர்கள், பாட்டி கடைசியாகத்தான் சாப்பிட்டாள் என்பதை விட்டுவிடுகிறார்கள். முட்டையும் அப்படியே. பள்ளியில் போடும் முட்டை நம் பெண் பிள்ளைகளுக்கு முக்கியமாக இருப்பதற்குக் காரணம் அது தட்டில் ஆளுக்கு ஒன்றாக விழுவதுதான். அங்கே ஆண் பிள்ளைக்குப் பெரிய துண்டு என்று எடுத்துவைக்க முடியாது.

வயல் நிலத்தில் இன்னொன்றும் உண்டு. கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல் வழியாக உடம்புக்குள் நுழைகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. கழிப்பறை இல்லாத குடியிருப்பு, வாய்க்கால் கரை, செருப்பில்லாமல் நாற்றங்காலில் இறங்கும் கால்கள். அதற்காக பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அல்பென்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். தரட்டும். மாத்திரை புழுவைக் கொல்லும், அடுத்த வாரம் அதே கரைக்கு அதே காலோடு அவள் போவாள். புழு நீக்க நாளுக்குப் பதாகை இருக்கிறது. பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் பழுதாகி எத்தனை நாளாயிற்று என்பதற்குப் பதாகை கிடையாது.

கழிப்பறைக்கே திரும்பி வருகிறேன், என் கோபம் அங்கேதான் கட்டிக்கிடக்கிறது. மருத்துவ மாணவர்கள் படிக்கும் சமுதாய மருத்துவப் பாடநூலில் பள்ளிகளுக்கான பழைய அளவு ஒன்று உண்டு: 60 பேருக்கு ஒரு சிறுநீர்ப்பிறை, 100 பேருக்கு ஒரு கழிப்பறை. யாரை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள் என்று யோசியுங்கள். இடைவேளை பத்து நிமிடம். தாவணிக் காலமோ சுடிதார்க் காலமோ, ஒரு பெண் உள்ளே போய், துணியை மாற்றி, கழுவிக்கொண்டு வெளியே வர மூன்று நிமிடமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் மூன்று பெண்கள். மற்ற 97 பேர்? எல்லாப் பள்ளிகளிலும் ஆறு மாதத்துக்குள் கழிப்பறை கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2012 அக்டோபரில் உத்தரவிட்டது. பிறகு தூய்மைப் பள்ளி இயக்கம் வந்தது, அளவு மாறியது, கட்டடங்கள் எழும்பின, சுவரில் பெண் படம் வரையப்பட்டது. கட்டியது கணக்கில் வந்தது. திறந்திருக்கிறதா என்பது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள்: தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலில் தேர்வு எழுதும் பெண் காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பாள். பிறகு நீர்க்கடுப்பு, காய்ச்சல், இரண்டு நாள் விடுப்பு. விடுப்புக் கடிதத்தில் "வயிற்றுவலி" என்று எழுதியிருக்கும். மாதவிடாய் என்றாலும் வயிற்றுவலிதான், பட்டினி என்றாலும் வயிற்றுவலிதான், வேறு யாரிடமும் சொல்ல முடியாதது நடந்திருந்தாலும் வயிற்றுவலிதான். எங்கள் வருகைப் பதிவேட்டுக்கு ஒரே நோய்.

2012 மார்ச்சில் புதுயுகம் திட்டம் தொடங்கி ஊரகப் பெண்களுக்கு இலவச நாப்கின் வந்தபோது, பழைய சேலைக் கிழிசலை வேலி மறைவில் காயவைத்து வளர்ந்த என் தலைமுறைக்கு அது சின்ன விஷயம் இல்லை. மரியாதையோடு சொல்கிறேன். கணக்கைப் பாருங்கள்: இரண்டு மாதத்துக்கு மூன்று பொட்டலம், பொட்டலத்துக்கு ஆறு. மாதத்துக்கு ஒன்பது நாப்கின். ஐந்து நாள் போக்கு என்றால் நாளுக்கு இரண்டுகூட இல்லை. நான்கைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறோம், அப்படியானால் நாளுக்கு நான்காவது வேண்டும். அதை மாற்ற இடம் வேண்டும், வாளி, தண்ணீர், பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள தொட்டி வேண்டும். எரிக்கும் இயந்திரம் சுவரில் மாட்டியிருக்கிறது, மின் இணைப்பு இல்லாமல். அப்புறம் அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்கிற அக்கா. மாதச் சம்பளம் என்று சொல்லக் கூசுகிற தொகைக்கு, பெரும்பாலும் ஒரே சாதியிலிருந்து வருகிறவர். நம் பெண்ணியம் நாப்கினோடு நின்றுவிட்டால் அதை எடுத்துப்போடும் கை நம் கண்ணில் படாது. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் தலித் மாணவர்களைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டார். தலைமையாசிரியை. பெண் என்பதால் எல்லாம் சரியாகிவிடாது என்பதை நாம் நமக்கே சொல்லிக்கொள்ள வேண்டிய இடம் அது.

எட்டாம் வகுப்பு அறிவியலில் "வளரிளம் பருவமடைதல்" என்று ஒரு பாடமே இருக்கிறது. "நீங்களே படிச்சுக்குங்க, முக்கியமான கேள்வி நாலு குறிச்சுத் தர்றேன்" என்று அது நடந்து முடிகிறது. பையன்கள் சிரிப்பார்கள், பெண்கள் குனிந்துகொள்வார்கள். 2017இல் பாளையங்கோட்டையில், உடையில் பட்ட கறைக்காக வகுப்பில் அவமானப்படுத்தப்பட்ட பள்ளிச் சிறுமி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில், மாதவிடாய் என்பதால் எட்டாம் வகுப்புப் பெண்ணை வெளியே படிக்கட்டில் உட்காரவைத்துத் தேர்வு எழுதச் செய்தார்கள். பாடம் நடத்தாமல் தாண்டிய நாற்பது நிமிடத்துக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு எங்கும் தென்னை மரங்கள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. பட்டுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அப்போதுதான் பூப்படைந்திருந்த ஒரு பள்ளிச் சிறுமியைத் தீட்டு என்று வீட்டுக்கு வெளியே தனிக் குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள். தென்னை மரம் குடிசைமேல் விழுந்தது. அவள் இறந்துபோனாள். செய்தித்தாள்கள் மூடநம்பிக்கை என்று எழுதின, பெற்றோரைத் திட்டின. புயல் எச்சரிக்கை நாள்கணக்கில் ஒலித்துக்கொண்டிருந்தது. முகாம்களைத் திறந்தார்கள், மீனவரைக் கடலுக்குப் போகவேண்டாம் என்றார்கள், கர்ப்பிணிகளை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்த்துக்கொள்ளச் சொல்வதும் வழக்கம்தான். அதாவது தாய்மார்கள் பட்டியலில் உண்டு. குடிசையில் இருக்கும் பிள்ளைகளை வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளுங்கள் என்று ஒலிபெருக்கியில் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடம் என்ன செய்தது என்று நான் கேட்பது வேறு அர்த்தத்தில். ஒரு பெண் பூப்படைந்தால் ஒன்பது நாள், பதினோரு நாள், சில வீடுகளில் பதினாறு நாள் பள்ளிக்கு வரமாட்டாள். நாங்கள் ஆசிரியர்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும். பதிவேட்டில் "ஆ" போட்டுக்கொண்டே போவோம். பதினாறாம் நாள் கடைத்தெருவில் அவளுடைய படம் ஃபிளெக்ஸில் தொங்கும், பட்டுப்பாவாடையும் கிரீடமும் வைத்து, தாய்மாமன்களின் மீசையோடு. நாங்களும் போய் மொய் எழுதிவிட்டுச் சாப்பிட்டு வருவோம். நானும் எழுதியிருக்கிறேன். "பிள்ளையை எங்கே படுக்க வைத்திருக்கிறீர்கள், என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள், திங்கட்கிழமை அனுப்புங்கள்" என்று ஒருமுறைகூடத் தொலைபேசியில் கேட்டதில்லை. பள்ளிச் சுகாதாரம் என்றால் வண்டி வரும் நாள் என்றே நானும் நினைத்திருந்தேன்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16இல் பள்ளியின் கீற்றுக் கூரைத் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு மாநிலமெங்கும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் இறங்கின, விசாரணை ஆணையம் அமர்ந்தது, சான்றிதழ் விதிகள் மாறின. ஆக, நினைத்தால் அரசால் ஒவ்வொரு பள்ளிக்குள்ளும் நுழைந்து பார்க்க முடியும். மெல்லச் சோர்ந்து, மெல்ல வராமல் போய், பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள் கல்யாணமாகிற பிள்ளைகளுக்காக அப்படி யாரும் நுழைவதில்லை.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. புதுக்கோட்டையில் பூப்பெய்தியபின் வீட்டிலிருந்தபடியே படித்து, எதிர்ப்புக்கு நடுவே மன்னர் கல்லூரிக்குள் நுழைந்து மருத்துவரான முத்துலட்சுமி ரெட்டி, சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இருந்த 1920களின் இறுதியிலேயே பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனைக்காகப் பேசினார். 1960இல் ரேணுகா ராய் தலைமையில் அமைந்த பள்ளிச் சுகாதாரக் குழு அடுத்த ஆண்டு அறிக்கை தந்தது. இரண்டிலும் முன்னால் நின்றவர்கள் பெண்கள். 2020இல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களைச் சுகாதாரத் தூதர்கள் என்று பெயரிட்டது. எங்களில் ஒருத்திக்கு ஏற்கெனவே எமிஸ் பதிவு, தேர்தல் வேலை, எண்ணும் எழுத்தும் எல்லாம் இருக்க, இதுவும். ஒரு செவிலியர் வேண்டும். வாரத்தில் இரண்டு நாளாவது பள்ளியில் உட்காரும், கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய ஒரு பெண் செவிலியர். அவர் மேசைமேல் ஒரு ஹீமோகுளோபின் கருவி, பக்கத்தில் ஒரு கட்டில், ஒரு வெந்நீர்ப் பை. ஆறாம் வகுப்புக்கு மேலேயும் காலை உணவு. கழிப்பறைக்கு நாள் முழுக்கத் திறந்த கதவு, உள்ளே தாழ்ப்பாள்.

"தமிழ்நாடு மற்ற மாநிலங்களைவிட எவ்வளவோ மேல்" என்பார்கள். மேல்தான். ஆரம்ப சுகாதார நிலையமும் கிராம சுகாதாரச் செவிலியரும் சத்துணவும் இங்கே இருப்பதால்தான் இதையெல்லாம் கேட்க முடிகிறது. இல்லாத இடத்தில் யாரிடம் கேட்பது?

கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். இதைப் படிக்கிற யாராவது அந்தக் குழுவில் இருக்கலாம், அல்லது உங்கள் அம்மா இருக்கலாம். நடவு நாளில் கூட்டம் வைத்ததால் போக முடியாமல் மறுநாள் கையெழுத்து மட்டும் போட்டிருக்கலாம். அடுத்த கூட்டத்தை வயல் வேலை முடிந்து மாலையில் வைக்கச் சொல்லுங்கள். கழிப்பறை எத்தனை மணிக்குத் திறக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, மோட்டார் எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை, சுத்தம் செய்யும் அக்காவுக்குச் சம்பளம் எத்தனை மாதமாக வரவில்லை என்று கேளுங்கள். பதிலைக் கூட்டப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.